பழுதுற்ற நுரையீரலும் குருத்தணு மருத்துவமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் மணற்பாங்கான அடித்தரையில் கடல் அட்டை என்னும் உயிரி வாழ்வதை நம் பகுதி மாணவர் அனைவரும் அறிவர். 2001-ஆம் ஆண்டு முதல் அதனைப் பிடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த இவ்வுயிரிக்கு மீனைப்போல் செவுளும் இல்லை, நம்மைப்போல் நுரையீரலும் இல்லை. உடலினுள் மரக்கிளைபோல் பிரிந்து கிடக்கும் ‘சுவாச மரம்’ என்னும் உறுப்பினுள் கடல்நீரை இழுத்து வெளியேற்றி அது மூச்சு விடுகிறது. இடையூறு நேர்ந்தால் சில இனங்கள் தம் குடலையும், சில வேளைகளில் சுவாச மரத்தையும்கூட உடலுக்கு வெளியே தள்ளிவிடும். பின்னர் இழந்த உறுப்பைப் படிப்படியாக மீண்டும் வளர்த்துக்கொள்ளும்.

மனிதனுக்கு இவ்வாற்றல் இல்லை. நம் நுரையீரலில் ஏற்படும் சிறு பழுதுகள் தாமே ஆறிவிடும் என்பது உண்மையே. ஆனால், பெரும் பழுது திடீரென நேரும்போது உடலின் சொந்த முயற்சி போதுவதில்லை. அப்படியானால் குருத்தணுக்களை ஊசி வழியே செலுத்திப் பழுதுற்ற நுரையீரலைப் புதுப்பிக்க முடியுமா? பத்திரிகைகள் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதுவது இக்குருத்தணுவைத்தான். இக்கேள்விக்கு விளம்பரங்கள் சொல்லும் விடை ஒன்று. ஆய்வுகள் சொல்லும் விடை வேறு. அந்த இரண்டாவது விடையை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுரையீரலின் நுட்பமான அமைப்பு

நம் மூச்சுக்குழல் மரக்கிளைபோல் பலமுறை பிரிந்து, இறுதியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. ஒரு மனிதனின் இரு நுரையீரல்களிலும் ஏறக்குறைய 30 முதல் 50 கோடி நுண்ணறைகள் உள்ளன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். பெரிய இழுவலை ஒன்றைக் கரையில் விரித்துக் காயப்போட்டதுபோல் இருக்கும் எனலாம்.

ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றி இரத்தத் தந்துகிகள் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவரின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அஃதாவது, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. இச்சுவர் மெல்லியதாக இருப்பதனாலேயே ஆக்சிஜன் எளிதில் இரத்தத்தில் கலக்கிறது. மெல்லியதாக இருப்பதனாலேயே அது எளிதில் பழுதுபடவும் செய்கிறது.

நுண்ணறையின் சுவரில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. முதல் வகை அணுக்கள் அப்பளம்போல் தட்டையாகப் பரந்து, சுவர்ப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மூடியிருக்கின்றன. இரண்டாம் வகை அணுக்கள் திரண்ட உருவம் உடையவை. இவற்றிற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ‘சர்ஃபாக்டன்ட்’ என்னும் வழுவழுப்பான பொருளைச் சுரத்தல். இப்பொருள் நுண்ணறையின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மூச்சை வெளிவிடும்போது அறை ஒட்டிக்கொள்ளாதபடி காக்கிறது. மற்றொன்று, முதல் வகை அணுக்கள் அழியும்போது தாமே பிரிந்து பெருகி அவற்றின் இடத்தை நிரப்புதல். ஆகவே, நுரையீரலுக்குத் தன்னைத்தானே செப்பனிடும் வழி இயற்கையிலேயே சிறிதளவு அமைந்துள்ளது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பழுது எவ்வாறு நேருகிறது?

கடுமையான நிமோனியா, இரத்தத்தில் பரவும் நச்சுத்தொற்று, இரைப்பை அமிலம் மூச்சுக்குழலில் இறங்குதல், பெரிய விபத்துக்காயம் முதலியன நுரையீரலைத் திடீரெனப் பழுதாக்கும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இவ்வாறே துன்புற்றனர். தமிழ்நாட்டில் உண்ணிகளின் இளம்புழுக்கள் கடிப்பதால் பரவும் ஸ்கரப் டைபஸ் என்னும் காய்ச்சல் முற்றினாலும் இந்நிலை ஏற்படுவதுண்டு.

நம் கடற்கரைக்கு உரிய காரணம் ஒன்றும் உண்டு. அதுவே நீரில் மூழ்குதல். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உள்ளது. நம் குருதியின் உப்புத்தன்மையோ லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைசலுக்கு நிகரானது. சவ்வூடு பரவல் பற்றி நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்கு நீர் நகரும். ஆதலால், நுண்ணறையில் புகுந்த கடல்நீர் அங்கேயே நிற்பதோடு, குருதியிலிருந்தும் நீரை உறிஞ்சி இழுக்கிறது. சர்ஃபாக்டன்ட் கழுவப்பட்டுப் போகிறது. அறைகள் சில ஒட்டிக்கொள்கின்றன. சில நீரால் நிரம்புகின்றன. இதனால்தான் கடலிலிருந்து மீட்கப்பட்டவர் கரையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலுக்கு ஆளாகக்கூடும்.

காரணம் எதுவாயினும் அதன்பின் நடப்பது பெரும்பாலும் ஒன்றே. அதுதான் அழற்சி. பழுதுற்ற இடத்திலுள்ள பெருவிழுங்கிகள் ‘சைட்டோகைன்’ என்னும் வேதித் தூதுகளை அனுப்புகின்றன. அவற்றைக் கேட்டு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேருகின்றன. கிருமியை அழிப்பதற்காக அவை வெளியிடும் நொதிகளும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் நம் சொந்தச் சுவரையும் அரிக்கின்றன. தீயை அணைக்க வந்தவர்கள் கூரையையும் பிய்த்து எறிவதுபோன்றது இது. சுவரில் விழுந்த ஓட்டைகளின் வழியே புரதம் மிகுந்த நீர் கசிந்து அறைகளை நிரப்புகிறது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அது குருதியைச் சென்று அடைவதில்லை.

இந்நிலையை ஒரு தனி நோய்த்தொகுதியாக முதன்முதலில் விளக்கியவர்கள் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர்களான ஆஷ்பாவும் பெட்டியும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1967-ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் 12 நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதினர். காரணங்கள் வெவ்வேறாயினும் நுரையீரலில் கண்ட மாற்றம் ஒன்றுபோல் இருந்ததே அவர்கள் கண்ட உண்மை. இன்று இதனைக் ‘கடும் மூச்சுத்திணறல் நோய்த்தொகுதி’ என்று கூறுகின்றனர்.

நான் ஏன் இதனைப் படித்தேன்?

இவ்விடத்தில் என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்வது பொருத்தமாகும். என் சித்தப்பா கடலில் தொழில் செய்பவர். ஒருநாள் வல்லத்திலிருந்து தவறி நீரில் விழுந்தார். உடன் சென்றவர்கள் அவரை மீட்டனர். கரைக்கு வந்து நீரைக் கக்கி, கடுங்காப்பி குடித்துவிட்டு, நடந்தே வீட்டிற்கு வந்தார். நள்ளிரவில் மூச்சு இரைக்கத் தொடங்கியது. வாயில் நுரை வந்தது. 108 வண்டியில் பாலம் கடந்து மருத்துவமனை சென்றோம். பதினொரு நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியில் இருந்தார்.

ஐந்தாம் நாள், மருத்துவமனையைச் சேராத ஒருவர் வெளியே எங்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார். வெளியூரில் குருத்தணு ஊசி போட்டால் நுரையீரல் புதிதாக வளர்ந்துவிடும் என்றும், செலவு சில இலட்சம் ஆகும் என்றும் கூறினார். வல்லத்தை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் வேறு எவரும் இல்லை. ஆகவே, சின்னம்மா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, “நீதான படிக்கிற புள்ள, இதுல போட்டிருக்கிறது மெய்தானா, சொல்லு” என்றார். பணியிலிருந்த மருத்துவரிடம் தாளைக் காட்டினோம். “இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. இதற்காக எதையும் விற்காதீர்கள்” என்று அவர் தெளிவாகச் சொன்னார். வல்லம் விற்கப்படவில்லை. சித்தப்பா குணமடைந்து இன்றும் கடலுக்குச் செல்கிறார்.

மருத்துவர் சொன்ன ஒரு வரியின் பின்னால் உள்ள காரணங்களை அறியவேண்டும் என்ற ஆவல் எனக்கு எழுந்தது. அதன் பயனாகப் படித்தவற்றையே கீழே தருகிறேன்.

குருத்தணு என்பது யாது?

உடலிலுள்ள பெரும்பாலான அணுக்கள் ஒரே தொழிலுக்கென அமைந்தவை. நரம்பணு தசையணுவாக மாறாது. ஆனால், தன்னைப்போன்ற அணுவைப் பெருக்கிக்கொள்ளவும், தேவைப்படும்போது வேறு தொழில் அணுவாக மாறவும் வல்ல அணுக்கள் சில உள்ளன. வாழைக்கிழங்கிலிருந்து புதுக் குருத்து எழுவதுபோல் இவற்றிலிருந்து புதிய அணுக்கள் தோன்றுவதால் குருத்தணு என்னும் பெயர் பொருந்துவதாயிற்று.

எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் இருப்பதற்கான சான்றை 1961-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டில், மெக்கல்லக் என்னும் இருவர் வெளியிட்டனர். பழுதுற்ற மஜ்ஜையை நீக்கி வேறொருவரின் மஜ்ஜையைச் செலுத்தும் சிகிச்சைக்காக டோனல் தாமஸ் 1990-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். நம் மாநிலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டு முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்து வருகிறது. அங்குள்ள குருத்தணு ஆராய்ச்சி மையத்தினர், குருதி உறையாமை நோயுள்ள ஐவரின் சொந்தக் குருத்தணுக்களில் குறைபட்ட மரபணுவுக்கு மாற்றைப் புகுத்திக் கண்ட நற்பயனை 2024 டிசம்பரில் உலகிற்கு அறிவித்தனர். தமிழர் அனைவரும் பெருமைப்படத்தக்க செய்தி இது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். மேற்கூறிய சிகிச்சைகளில் செலுத்தப்படும் குருத்தணு, மஜ்ஜையில் வேரூன்றி, பெருகி, வாழ்நாள் முழுவதும் இரத்தத்தை உண்டாக்குகிறது. விதை நட்டு மரம் வளர்ப்பது போன்றது அது. ஆனால், நுரையீரலுக்காக ஆராயப்படும் குருத்தணு வேறு வகை. அதன் பெயர் மீசன்கைம் குருத்தணு. மஜ்ஜையில் இரத்தம் உண்டாக்காத அணுக்களும் உள்ளன என்பதைச் சோவியத் நாட்டு அறிஞர் ஃபிரீடன்ஸ்டீன் 1960-களிலும் 1970-களிலும் ஆராய்ந்து காட்டினார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய அணுக்களாக அவை மாறவல்லவை. தொப்புள்கொடியிலிருந்தும் கொழுப்புத் திசுவிலிருந்தும்கூட இவற்றைப் பெறலாம். 1991-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஆர்னால்டு கேப்லன் இவற்றிற்கு மீசன்கைம் குருத்தணு என்று பெயர் சூட்டினார். அவரே 2017-ஆம் ஆண்டு, ‘இப்பெயர் மக்களைத் தவறான எண்ணத்திற்கு இட்டுச் செல்கிறது, பெயரை மாற்றுங்கள்’ என்னும் பொருள்பட எழுதினார் என்பது வியப்பிற்குரியது. இவ்வணுக்கள் புது உறுப்பாக வளர்வதில்லை, மருந்துபோல் வேதித் தூதுகளை அனுப்புகின்றன என்பதே அவர் காட்டிய காரணம்.

நுரையீரலில் அவை செய்வது என்ன?

மீசன்கைம் அணுவைச் சிரை வழியே செலுத்தினால் அது முதலில் இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, பின் நுரையீரலுக்குச் செல்லும். தந்துகியின் குறுக்களவு ஏறக்குறைய எட்டு மைக்ரான். இவ்வணுவோ அதைவிட இருமடங்கு, மும்மடங்கு பெரியது. ஆகையால், வலைக்கண்ணில் மீன் சிக்குவதுபோல் பெரும்பாலான அணுக்கள் நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். பிற உறுப்புகளைக் குணப்படுத்த விரும்புவோர்க்கு இது தடை. நுரையீரலைக் குணப்படுத்த விரும்புவோர்க்கோ இது வாய்ப்பு.

ஆனால், சிக்கிய அணுக்கள் அங்கே வேரூன்றுவதில்லை. ஓரிரு நாட்களில் பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. அந்தக் குறுகிய காலத்தில் அவை செய்யும் பணிகள் நான்கு என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

முதலாவது, சினங்கொண்ட பெருவிழுங்கிகளை அமைதிப்படுத்துதல். மீசன்கைம் அணு வெளிவிடும் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 என்னும் பொருள், பெருவிழுங்கியைத் தாக்கும் நிலையிலிருந்து தணிக்கும் நிலைக்கு மாற்றுகிறது. அதன்பின் பெருவிழுங்கியே அழற்சியைக் குறைக்கும் இன்டர்லூக்கின்-10 என்னும் தூதை அனுப்பத் தொடங்குகிறது.

இரண்டாவது, தேங்கிய நீரை வடியச் செய்தல். 2009-ஆம் ஆண்டு, மாற்று அறுவைக்குப் பயன்படாதென ஒதுக்கப்பட்ட மனித நுரையீரல்களை உடலுக்கு வெளியே இயங்கவைத்து, பாக்டீரியா நச்சினால் பழுதாக்கி, இவ்வணுக்களைச் செலுத்திப் பார்த்தனர். நீர் வடியும் ஆற்றல் மீண்டது. அணுக்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியே இதற்குக் காரணம் எனக் கண்டனர்.

மூன்றாவது, கிருமிகளை எதிர்க்கும் சிறு புரதங்களைச் சுரத்தல்.

நான்காவது, நம் பாடநூலில் அணுவின் ஆற்றல் நிலையம் என்று படிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையே நொந்த அணுவிற்குத் தானமாகக் கொடுத்தல். 2012-ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜஹர் பட்டாச்சார்யாவின் ஆய்வுக்கூடத்தினர், சுண்டெலிகளின் நுண்ணறைகளில் இந்நிகழ்ச்சியைக் கண்டு அறிவித்தனர். கடல்நீரால் பழுதாக்கப்பட்ட எலிகளின் நுரையீரலில் இவ்வணுக்கள் அழற்சியைக் குறைப்பதையும் சீன நாட்டு ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

இவற்றிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்றுண்டு. இவ்வணு, இடிந்த சுவரைக் கட்ட வந்த கொத்தனார் அன்று. ஊர்ச் சண்டையை விலக்க வந்த பஞ்சாயத்தார். சண்டை ஓய்ந்தபின் சுவரை எழுப்பவேண்டியவை நுரையீரலின் சொந்த இரண்டாம் வகை அணுக்களே. ‘புது நுரையீரல் வளரும்’ என்னும் விளம்பரம், ஆராய்ச்சியாளர் எவரும் கூறாத ஒன்றைக் கூறுகிறது.

எலியிலிருந்து மனிதனுக்கு

எலியில் வெற்றி பெற்ற மருந்துகள் பல மனிதனில் தோற்றுள்ளன. ஆதலால், மனிதரிடம் படிப்படியாகவே சோதிக்கவேண்டும். கலிபோர்னியாவின் மைக்கேல் மாத்தே என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இப்பணியை மேற்கொண்டனர். 2015-ஆம் ஆண்டு வெளியான முதற்கட்டத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் 10 இலட்சம் முதல் ஒரு கோடி வரை அணுக்கள் செலுத்தப்பட்டன. தீங்கு எதுவும் நேரவில்லை.

அடுத்த கட்டத்தின் முடிவு 2019-ஆம் ஆண்டு வெளிவந்தது. 60 நோயாளிகளில் 40 பேருக்கு அணுக்களும், 20 பேருக்கு அணுக்கள் இல்லாத கரைசலும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை அளித்தவர்க்கும் தெரியாது. 28 நாட்களில் அணு பெற்றோருள் 12 பேரும், பெறாதோருள் 3 பேரும் இறந்தனர். இதனைக் கண்டவுடன் அணுக்கள் கேடு செய்தன என்று முடிவு கட்டலாகாது. அணு பெற்ற குழுவினர் தொடக்கத்திலேயே நோய் முற்றியவர்களாக இருந்தனர். புள்ளியியல்படி இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடியதே. அதே நேரத்தில், பலன் தந்தது என்று சொல்லவும் இடமில்லை.

இவ்வாய்வில் மற்றொரு பாடமும் கிடைத்தது. உறைநிலையில் வைத்திருந்த அணுக்களை உருக்கிக் கழுவியபின் எண்ணிப் பார்த்தபோது, உயிருடன் இருந்தவை நூற்றுக்கு 36 முதல் 85 வரை வேறுபட்டன. முளைக்காத விதையை விதைத்துவிட்டு நிலத்தைக் குறை சொல்ல முடியுமா? ஆகவே, ஒவ்வொரு முறையும் ஒரே தரமான அணுக்களைத் தருவதே இத்துறையின் பெரிய சிக்கலாக உள்ளது.

கொரோனாக் காலத்தில் மேலும் பெரிய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 222 நோயாளிகள் அதில் பங்குபெற்றனர். 30 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பை இவ்வணுக்கள் குறைக்கவில்லை என்பது தெரிந்து, 2020 டிசம்பரில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆயினும், இத்துறை வீண் என்று எண்ணவேண்டியதில்லை. அதே வகை அணுமருந்து, மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப்பின் குழந்தைகளுக்கு நேரும் ஒரு கடும் அழற்சி நோய்க்குப் பயன்படும் என 2024 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்மையே. நுரையீரல் நோயாளியின் உயிரைக் காக்கும் என்பதே இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

நம் நாட்டின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2007-ஆம் ஆண்டு குருத்தணு ஆராய்ச்சிக்கு நெறிமுறைகளை வகுத்தன. அவை 2013-லும் 2017-லும் திருத்தப்பட்டன. இரத்த நோய்கள் சிலவற்றிற்கான மஜ்ஜைச் சிகிச்சை போன்று ஒப்புதல் பெற்றவை நீங்கலாக, பிற நோய்களுக்குக் குருத்தணுவைப் பயன்படுத்துவது அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனைக்குள் மட்டுமே நடைபெறலாம் என்பது அவற்றின் சாரம். பெங்களூரில் உருவான மீசன்கைம் அணுமருந்து ஒன்றிற்கு, கால் இரத்தக்குழாய்களை அடைக்கும் பர்கர் நோயின் கடும் நிலைக்காக 2016-ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட ஒப்புதல் கிடைத்தது. ஆகவே, ஒரு நோய்க்கு ஒப்புதல் உண்டு என்பதனால் எல்லா நோய்க்கும் உண்டு என்று பொருளாகாது. விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் புகுந்துகொள்கின்றன.

நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் அரசுப் பதிவேடு ஒன்று 2007-ஆம் ஆண்டு முதல் உள்ளது. அதனை எவரும் பார்க்கலாம். ஒருவர் இத்தகைய சிகிச்சை தருவதாகக் கூறினால் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். இந்த நோய்க்கு அரசு ஒப்புதல் உண்டா? ஒப்புதல் இல்லையேல், பதிவு செய்யப்பட்ட சோதனையா? சோதனையாயின் பணம் ஏன் கேட்கிறீர்கள்? ஆய்வுப் பொருளாகத் தன் உடலைத் தருபவரிடம் மருந்துக்கு விலை கேட்பது முறையன்று. மூன்றாவது கேள்வியிலேயே பொய்யும் மெய்யும் பிரிந்துவிடும்.

இன்று உயிரைக் காப்பவை

குருத்தணு வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மெய்ப்பிக்கப்பட்ட வழிகள் பல உள்ளன. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியால் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவையும் கிலோவிற்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்தபோது, இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 40-லிருந்து 31 ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லை. மெதுவாக ஊதியதே மருந்து. 2013-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் கடும் நோயாளிகளை நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரமேனும் குப்புறப் படுக்கவைத்தனர். 28 நாள் இறப்பு நூற்றுக்கு 33-லிருந்து 16 ஆயிற்று. 2020-ஆம் ஆண்டு, விலை மலிந்த டெக்சாமெத்தசோன் மருந்து, கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை நூற்றுக்கு 41-லிருந்து 29 ஆகக் குறைத்தது. 2023-ஆம் ஆண்டு வேலூர் மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவில் 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, கடும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது எனக் காட்டியது. இவையெல்லாம் பெயரளவில் எளியவை, பலனில் பெரியவை.

கடற்கரை மக்களாகிய நாம் செய்யவேண்டியவையும் உள்ளன. மீன்பிடிப்போர், பாம்பன் பக்கத்தில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், இராமேசுவரம் வந்து கடலாடும் வெளியூர் மக்கள் ஆகிய அனைவர்க்கும் இது பொருந்தும். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. அவை காலத்தை வீணாக்கும். இரைப்பையில் உள்ளதை மூச்சுக்குழலில் இறக்கிவிடும். மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவேண்டும். பின்னர் மார்பை அழுத்தவேண்டும். 108-ஐ அழைக்கவேண்டும். நினைவு தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும், இருமலோ மூச்சு இரைப்போ சிறிதளவு இருப்பினும் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு முதல் நம் மாவட்டத் தலைநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருவது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பாகும்.

முடிவுரை

குருத்தணு மருத்துவம் நாளைய நம்பிக்கை என்பதில் ஐயமில்லை. எந்த நோயாளிக்கு, எந்த வேளையில், எத்தரத்து அணுவைக் கொடுப்பது என்பது தெளிவாகும்போது அது மருத்துவமனைக்குள் முறைப்படி வந்து சேரும். அணுவிற்குப் பதிலாக அது வெளிவிடும் நுண்கொப்புளங்களை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்க முடியுமா என்றும் ஆராய்ந்து வருகின்றனர். ஆனால், நாளைய நம்பிக்கையை இன்றைய சரக்காக விற்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் குடும்பத்திற்கு அவ்விரண்டையும் பிரித்தறியும் மனநிலை இருப்பதில்லை.

நம் கல்லூரியில் பயிலும் என்னைப் போன்ற பலருடைய வீடுகளில், அச்சிட்ட தாளைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு நம்மிடமே வந்து சேருகிறது. விலங்கியலிலும் வேதியியலிலும் நாம் பெறும் மதிப்பெண்கள் நமக்கு வேலை தேடித் தரலாம். ஆனால், ‘இது மெய்தானா?’ என்று வீட்டார் கேட்கும்போது, எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இருந்ததா, பலன் என்ன என்று வினவி விடை சொல்லத் தெரிந்திருப்பதே நாம் கற்ற அறிவியலின் முதற்பயன். அந்த விடையினால் ஒரு குடும்பத்தின் வல்லமோ வீடோ விற்கப்படாமல் நின்றால், நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.